அலமாரிக்குள் ஹெர்ப்

முதல் படம் ஓகோவென்று ஓடியது. போஸ்டரில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையில் அதில் ஜோடியாக நடித்த காமெடியர்கள் ஹெர்புக்கும் விக்குக்கும் பேச்சு நின்றுபோனது. பல வருடம் கழித்து எடுத்த இரண்டாம் பாகத்தில் கேமரா ஓடும்போது மட்டும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ஹாலிவுட்டில் அது புதிதில்லை. நான் அவர்களுக்கு உடை தைப்பவள்.

அன்றைய காட்சியில் குண்டு ஹெர்ப் பயந்துபோய் அலமாரிக்குள் ஒளிந்துகொள்வான். விக் அவனை வெளியே இழுக்க வேண்டும்.

விக் இழுத்தான். வந்தது ஹெர்ப்தான். ஆனால் அவன் நரைமுடி கறுத்திருந்தது. முதல் படத்துக்கு நான் தைத்த, பிறகு தீயில் எரிந்துபோன கட்டம்போட்ட கோட்டைப் போட்டிருந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"என்னடா விக், இப்படிக் கிழடு தட்டிட்ட? மேக்கப்பா?" என்று தோளில் கை போட்டான். "வா, சாப்பிடப் போலாம்."

விக் படக்குழுவில் இருந்த எங்களை மாறிமாறிப் பார்த்தான். எங்களுக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இத்தனை நாளா எங்கடா போயிருந்த?" என்றான் விக்.

அப்போது அலமாரிக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"கதவைத் திறங்கப்பா, மூச்சு முட்டுது." அதுவும் ஹெர்பின் குரல்தான்.

விக் கைப்பிடியைப் பிடித்தான். பிறகு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கட்டம்போட்ட கோட்டுக்காரனுடன் சாப்பிடப் போனான்.