மாமியாருக்குப் பிடிக்காதது

“எங்க மாமியார் இருக்கிற வரைக்கும் இந்தப் பரீட்சையில எனக்குப் பயமே இல்லடி!”

ஹோட்டல் சலவை அறையில் விரிப்பை உதறிக்கொண்டே அவள் சொன்னதும், மறுமுனையைப் பிடித்திருந்த தோழி சிரித்தாள்.

“ஜப்பான் பாஷைப் பரீட்சைக்கும் உன் மாமியாருக்கும் என்னடி சம்பந்தம்?”

“வீட்டுல ஒருத்தரைப் பத்திப் பேசச் சொல்வாங்களாம். ‘ஸுகி தெஸ்’னா பிடிக்கும். ‘கிராய் தெஸ்’னா பிடிக்காது. எங்க மாமியாருக்குத்தான் எதைத் தொட்டாலும் பிடிக்காதே! ஆரம்பிச்சா நிக்காம ஓடும்.”

“அடிப்பாவி! மாமியார் குறையையா அங்க போய் பாடப்போறே?”

“இருக்கறதைத்தானே சொல்றேன்? பொய் சொன்னா எனக்குத் தமிழே திக்கும்.”

போன் அடித்தது. மாமியார்.

“பரீட்சை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வா. அங்க இங்க நின்னு கதை பேசாதே. காத்துக்கிட்டு இருக்கறது எனக்குப் பிடிக்காது!”

பட்டென்று போனை வைத்துவிட்டார்.

“பாத்தியா? இன்னொரு வாக்கியம் கிடைச்சிடுச்சு!” என்று துள்ளினாள்.

தேறினால் இதே ஹோட்டலில் ஜப்பான் விருந்தாளிகளைக் கவனிக்கும் ரிசப்ஷன் வேலை. அதுவும் பகலில். ராத்திரி முழுக்கத் துணி மடித்துவிட்டு, குழந்தை விளையாடக் கூப்பிடும்போது தூங்கி வழிய வேண்டாம்.

மறுநாள் பரீட்சை அறை வாசலில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு ஜப்பானிய அம்மா உட்கார்ந்திருந்தார்.

“வீட்டில் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்.” ஜப்பானிய மொழியில் கேள்வி நிதானமாகத்தான் வந்தது. இவளுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. வாயைத் திறந்தாள். மாமியார் கைவிடவில்லை.

“என் மாமியார். மீனில் நடுத்துண்டு பிடிக்காது. பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிக்காது. பாலாடை பிடிக்காது. மத்தியானத் தூக்கம் பிடிக்கவே பிடிக்காது!”

“நன்று. உங்களுக்கு என்ன பிடிக்கும்?”

ஐயோ, தன்னைப் பற்றி ஒன்றும் தயார் செய்யவில்லையே! புது வார்த்தைக்கு எங்கே போவது? நாக்கில் இருந்ததையே எடுத்துப் போட்டாள். அதுவும் நிஜம்தானே?

“மீனில் நடுத்துண்டு பிடிக்கும். ஜன்னல் சீட் பிடிக்கும். பாலாடை பிடிக்கும். மத்தியானத் தூக்கம் ரொம்ப ரொம்பப் பிடிக்கும்!”

அந்த அம்மாவின் பேனா நின்றது.

“ஜன்னல் சீட்டில் யார் உட்காருவார்?”

“நான்.”

“நடுத்துண்டு?”

“எனக்கு.”

“மத்தியானம் நீங்கள் தூங்கும்போது குழந்தை?”

“மாமியாரிடம்...” சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

“தேறிவிட்டீர்கள்!” என்று எழுந்த அந்த அம்மா, சிரித்துக்கொண்டே இன்னொரு வாக்கியமும் சொன்னார். புத்தகத்தில் இல்லாத வாக்கியம். ஆனாலும் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

“உங்கள் மாமியாருக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்.”