சிவப்பு மைப் பாராட்டு

முதல் மணி அடித்து ஓயவில்லை. எட்டாம் வகுப்பு வாசலில், கத்தரிப்பூ நிறப் புதுப் பாவாடை சட்டையும் கையில் மூடி போட்ட தூக்குவாளியுமாகப் பாண்டிமீனா நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா சுருளி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றார்.

ராதாமணி டீச்சருக்கு மனசு குளிர்ந்துபோனது. கலர் டிரஸ் என்றால் பிறந்தநாள்தான். தூக்குவாளிக்குள் கேசரியோ பாயாசமோ இருக்கும். தினமும் சத்துணவு வரிசையில் தட்டு ஏந்தி நிற்கிற பிள்ளை, இன்றைக்கு வகுப்புக்கே கொடுக்க வந்திருக்கிறது என்று நினைத்தார்.

“என்ன பாண்டிமீனா, பொறந்தநாளா? சொல்லவே இல்ல.”

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. சுருளி முந்திக்கொண்டார்.

“அதெல்லாம் இல்ல டீச்சர். வேற நல்ல சேதி. மொத உங்ககிட்ட சொல்லிட்டுப் போவோம்னு வந்தோம்.”

போன வருஷம் இதே வாசலில்தான் ஜெயக்கொடி முட்டி போட்டாள். வீட்டுப்பாடம் எழுதாத குற்றத்துக்குத் தினம் ஒரு மணி நேரம். ஒரு நாள் வராமலே நின்றுவிட்டாள். அவள் வீட்டில் விளக்கும் இல்லை, உட்கார்ந்து எழுத இடமும் இல்லை என்பது, பதிவேட்டில் பேரை அடித்த பிறகுதான் தெரிந்தது. முட்டி போடச் சொன்னது வேறு யாருமில்லை, சாட்சாத் ராதாமணி டீச்சர்தான். அந்த வேதனை அவருக்கு இன்னும் ஆறவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. அதற்குப் பிறகு வீட்டுப்பாடம் என்றாலே டீச்சருக்குக் கசந்தது. இந்த வருஷம் பாண்டிமீனாவும் வெறும் நோட்டோடு வந்து நின்றாள். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா தங்கப்பொண்ணோடு உட்கார்ந்து, அப்பளக் கம்பெனி கொடுத்துவிடுகிற மாவில் அப்பளம் தேய்க்கிற பிள்ளை எங்கே எழுதும்?

இவளையும் தொலைத்துவிடக் கூடாது என்று டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். இனிமேல் எழுத்து வீட்டுப்பாடம் கிடையாது. அப்பா அம்மா பார்க்கிற வேலையை ஒரு மணி நேரம் கூட இருந்து தானும் செய்யணும். அதில் என்ன கணக்கு இருக்கிறது, என்ன அறிவியல் இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வரணும். அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் ஆண்டிச்சாமிக்கு இது ஆகவில்லை. “படிக்க அனுப்புன பிள்ளைகள வேல பாருங்கடான்னு வெரட்டுறீக. வெளங்குமா டீச்சர்?” என்றார். டீச்சர் விடாமல் மல்லுக்கு நிற்கவும் இறங்கிவந்தார். “என்னமோ செய்யிங்க. நாளப்பின்ன மேலதிகாரி கேட்டா காட்டணும். வாரா வாரம் உங்க கையெழுத்தும் பள்ளிக்கூட சீலும் அந்த நோட்டுல இருக்கணும்.”

பாண்டிமீனா பின்னியெடுத்துவிட்டாள். அப்பளத்தின் ஆரம், சுற்றளவு, வெயிலில் காய எத்தனை நிமிஷம், மேகம் போட்டால் எத்தனை நிமிஷம், ஒன்றையும் விடவில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை அப்பளம் தேய்த்தாள் என்று வரைபடத் தாளில் கோடு வேறு. முதல் நாள் நாற்பதில் கிடந்த கோடு, மாசக் கடைசியில் நூற்றிருபதில் போய் நின்றது.

டீச்சர் பூரித்துப்போய்ப் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதினார்: ‘கை சுத்தம், வேகம், பொறுமை மூன்றும் உள்ள பிள்ளை. அம்மாவையே மிஞ்சிவிட்டாள். சபாஷ்.’ கீழே கையெழுத்து, சீல், ஐந்து நட்சத்திரம்.

அன்றைக்குத்தான் பாண்டிமீனா முதல்முறையாக வாய் திறந்து கேட்டாள். “ஒம்பதாப்புலயும் நீங்கதான் கணக்கு டீச்சரா?”

ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்புகிறேன் என்று மட்டும் சுருளியிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. டீச்சர் மூன்று தடவை வீடு தேடிப் போய்க் கேட்டும், “பாப்போம் டீச்சர்” என்பதோடு சரி. அந்த மனுஷன் இன்றைக்கு நல்ல சேதி என்கிறார். வேறென்ன இருக்கப்போகிறது?

“மனசு மாறிட்டீங்களாண்ணே?”

“மாறாம என்ன டீச்சர்? வீட்ல சும்மா கூடமாட ஒத்தாச பண்ணுதுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு எழுத்துக் கூட்ட வராது. எங்கூட மூட்ட தூக்குற சின்னான்தான் நீங்க செவப்புல எழுதுனத வாசிச்சுக் காட்டுனான். இம்புட்டுத் தெறமைய வீட்டுக்குள்ளயே போட்டு வச்சிருந்தோமேன்னு ஆயிப்போச்சு.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயக்கொடிக்குச் செய்த பாவம் இந்தப் பிள்ளையில் தீர்ந்தது என்று நினைத்தார்.

“உள்ள வா கண்ணு. ஏன் வெளியவே நிக்கிற?”

பாண்டிமீனா மூன்றாவது பெஞ்சில் தான் உட்காரும் இடத்தைப் பார்த்தாள். படி ஏறவில்லை. தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“சரி, அந்த நோட்டக் குடு. ஹெச்.எம். சார்ட்ட காட்டிட்டு வாரேன். வெளங்குமான்னு கேட்டாருல்ல.”

பிள்ளை தலை குனிந்துகொண்டது. பெருமை தாங்காமல் சுருளிதான் பதில் சொன்னார்.

“நோட்டு அப்பளக் கம்பெனில இருக்கு டீச்சர். அதப் பாத்துத்தான் பிள்ளைய வேலைக்கு எடுத்துக்கிட்டாக.”