மேசை விளிம்புச் சூடு

“குறையெல்லாம் இவகிட்டதான் டாக்டரம்மா. எனக்குக் கல்யாணமான மறுமாசமே வயித்துல நின்னுடுச்சு,” என்றாள் மாமியார், யாரும் கேட்காமலேயே. ஏழு வருடமாக லாண்டரியில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பேச்சு அது.

மருமகள் தலை குனிந்துகொண்டாள். அதே லாண்டரியில் இருவருக்கும் எதிரெதிர் இஸ்திரி மேசை. தப்பி ஓட வழியில்லை.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். “எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள்ள இருக்கவேண்டிய சவ்வு மாதிரி ஒண்ணு வெளியில ஒட்டி வளர்ந்திருக்கு. இப்படி இடம் மாறினதைத் தின்னு சுத்தம் பண்ணத்தான் உடம்புல வெள்ளணுக்கள் இருக்கு. இவங்களுக்கு அதுங்க தின்னாம, ரத்தக்குழாய் கட்டிக் குடுத்து அதை வளர்த்துட்டு இருக்கு. உள்ள எந்நேரமும் புண்ணு மாதிரி வீங்கிக் கிடக்கு. அதுல கருமுட்டையும் கெடுது, விந்தணுவும் தாங்கல, கரு ஒட்டவும் மாட்டேங்குது.”

“அழுக்கெடுக்க வந்தவனே அழுக்குக்குச் சோறு போடுறானா?” மாமியாரின் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

“அதேதான். இவங்க மேல ஒரு தப்பும் கிடையாது.” டாக்டர் மருமகள் பக்கம் திரும்பினார். “மாசாமாசம் வலியில உயிர் போயிருக்குமே, எப்படிம்மா தாங்குனீங்க?”

“இஸ்திரி மேசை விளிம்புச் சூட்டுல அடிவயித்தை அழுத்திக்கிட்டே தேய்ப்பேன். அத்தைதான் சொல்லிக் குடுத்தாங்க... கை நிக்கக்கூடாதுன்னு.”

டாக்டர் மாமியாரை முறைத்தார். அவள் தழும்பேறிய தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆபரேஷன் பண்ணிட்டு முயற்சி பண்ணலாம். வாய்ப்பு இருக்கு. சத்தியம் பண்ண மாட்டேன்,” என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கும்போது மருமகள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வேணாம் அத்தை. நீங்க சொன்ன மாதிரியே அவருக்கு வேற பொண்ணு பாருங்க. நான் போயிடுறேன்.”

மாமியாரும் உட்கார்ந்தாள்.

“நீ எங்கேயும் போகாதே. என்னைக் கன்னத்துல ரெண்டு போடு. நாளைக்கு லாண்டரியில எல்லாரும் பார்க்கப் போடு.”

“ஐயோ, என்ன அத்தை இது! பெத்த மனசு, பேரப்புள்ளைக்கு ஏங்காதா? உங்களைக் குத்தம் சொல்லல.”

மாமியார் மருமகளின் கையைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“நானும் அந்த மேசை விளிம்புல அடிவயித்தை அழுத்துனவதான். உன் புருஷன் நான் பெத்த புள்ள இல்லம்மா.”