நிற்கத் தெரிந்த மாப்பிள்ளை

திருப்பூரில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெண் கோகிலவாணி பனியன் கம்பெனியில் டெய்லர். சம்பளம் கிரிப்டோ காயினாக மணிக்கொருமுறை வீட்டுப் போனில் விழும். விழுந்த கையோடு செலவழிக்காவிட்டால் காயின் மதிப்பு இறங்கி, அரைக் கிலோ அரிசிக்கான காசில் கால் கிலோதான் கிடைக்கும். அதனால் எல்லா வீடுகளிலும் ஒருவர் வேலைக்குப் போக, இன்னொருவர் போனும் கையுமாக மளிகைக் கடையிலேயே நின்றார்.

"எனக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சுங்க. மாப்பிள்ளை எவ்வளவு நேரம் நிப்பாருங்க?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"பொழுது சாயற வரைக்கும் நிப்பானுங்க," என்றாள் பையனின் அம்மா. பையன் சிவசாமி கூச்சத்தோடு வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினான். நரம்பு எதுவும் புடைத்திருக்கவில்லை.

கோகிலவாணி காபி கொண்டுவந்தபோது அலமாரியில் போன் ஒலித்தது. காலை ஷிப்டின் கடைசிச் சம்பளம். அப்பா எழ முயன்று, முடியாமல் உட்கார்ந்துவிட்டார். சிவசாமி போனை எடுத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய பையை உருவி, செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினான்.

"பையனப் புடிச்சிருக்கா கண்ணு?" என்றார் அப்பா.

அவன் முகத்தை அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

"நல்லா வெரசா ஓடறாருங்கப்பா," என்றாள்.