ஞாயிற்றுக்கிழமை வலை

"ஆண்டவர்ர நாளில வலை போட்டவன் இவன்! எல்லாரும் நல்லாப் பாத்துக்கொள்ளுங்க!"

பாவிலு மூப்பரின் குரல் வாவிக்கு அந்தக் கரையிலும் கேட்டிருக்கும். செபம் முடிந்து வந்த சனம் முழுவதும் துறையில் கூடி நின்றது. நடுவில், இடுப்பு வரை சேறும் சகதியுமாய், கைத்தான்.

மாதம் ஒருமுறைதான் சுவாமியார் தோணியில் வருவார். மற்ற ஞாயிறுகளில் கோயிலும் ஊரும் மூப்பர் கையில். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை வலை தண்ணீர் தொடாது என்று சுவாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றாணியாரே ஒருதரம் மெச்சியிருக்கிறார். அன்று நிமிர்ந்த மூப்பரின் தலை பிறகு குனியவே இல்லை.

"விடியத் தொட்டு வீசினியாமே. உண்மையா?"

"ஓம் மூப்பர்."

"ஊர்க்கட்டுப்பாடு தெரியுந்தானே?"

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை போட்ட வலை நெருப்புக்கு. கொண்டு வாங்கடா!"

கைத்தானின் மனைவி மதலேனா ஓடிவந்து வலையைக் கட்டிப் பிடித்தாள்.

"ஐயோ மூப்பர்! எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு வீச்சுவலைதான். சண்டை துடங்கினதில இருந்து கடையில முழ நூலும் இல்ல. மூணு புள்ளையள வெச்சிக்கொண்டு நாங்க என்ன செய்வம்?"

"இத வலை எடுக்க முந்தி நினைச்சிருக்க வேணும்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வாயத் துறந்து சொல்லுங்களன்!"

"சும்மா இரு புள்ள" என்றான் கைத்தான் மெதுவாக. "இத்தின சனத்துக்கு முன்னால வேணாம். மூப்பர் வயசுபோன மனிசன்."

அவனே அவள் விரல்களைப் பிரித்து வலையை எடுத்துக் கொடுத்தான்.

ஈரவலை லேசில் பற்றவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஆனாலும் மூப்பர் மனம் தளரவில்லை. கோயில் விளக்குக்கு வைத்திருந்த போத்தலை எடுத்துவரச் சொல்லி, கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். வலை எரிந்தது. மதலேனா மணலில் உட்கார்ந்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை.

நெருப்பு அடங்கியும் மூப்பரின் கோபம் அடங்கவில்லை.

"பிடிச்ச மீன் எங்க? அது கோயிலுக்குச் சேர வேணும்."

"மீன் பிடிக்கல்ல, மூப்பர்."

"விடியத் தொட்டு வீசினவனுக்கு மீன் படல்லியாம்! கேட்டயளா கதைய?"

சனம் சிரித்தது. கூட்டத்தில் நின்ற மூப்பரின் மருமகன் முன்னுக்கு வந்தான்.

"மாமா, இவன் பொய் சொல்றான். ஏறாவூர்க் கரையில இவன்ர தோணி நிண்டத நான் கண்டன். என்னத்தையோ சாக்கால மூடி இறக்கினான். நாலு பேர் வந்து தூக்கிப் போனாங்க."

"நாலு பேர் தூக்கிற மீனா!" மூப்பரின் கண்கள் விரிந்தன. "கோயில் மணி அடிக்கிற நேரத்தில பள்ளிவாசல் இருக்கிற சோனக ஊருக்குக் கொண்டுபோய் வித்திருக்கிறாய். யூதாசும் இப்பிடித்தான்டா! இனி இந்தக் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது நீ. உன்ர புள்ளையளுக்கும் பெருநாளில இடமில்ல. போ!"

கைத்தான் தலையைக் குனிந்தபடி நடக்கத் தொடங்கினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

மதலேனா எழுந்தாள். வலை எரியும்போது அழுதவள்தான். இப்போது அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"விக்கல்ல மூப்பர், குடுத்தவர். ஆமினா உம்மாட்ட குடுத்தவர்."

"ஆர் அது ஆமினா உம்மா?"

"தோணி கவிழ்ந்து மகன் தண்ணியில தாண்டுபோனான், அடக்கிறதுக்கு மையத்தையெண்டாலும் எடுத்துத் தாங்க எண்டு நேத்துப் பின்னேரம் உங்கட படலையப் பிடிச்சிக்கொண்டு அழுதாவே ஒரு தாய்... 'நாளைக்கு ஞாயிறு, திங்கக்கிழமை வா' எண்டு நீங்க திருப்பி அனுப்பினீங்களே, அவதான்!"