வெள்ளோட்டம்

மூன்று வாரமாக எப்போது போன் செய்தாலும் இருதயராஜிடமிருந்து ஒரே பதில்தான். "இன்னும் முடியலம்மா. ரெண்டு நாள் குடு."

அவர் திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். கோட்டக்குப்பத்து ரிஸ்வானா, ஆறு வருஷத்துக்கு முன் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவள். தன்னைப் போன்றவர்கள் துடுப்புப் படகு ஓட்டத் தோதாக ஒரு இருக்கையை அவளே வரைந்து, படகோடு அவரிடம் ஒப்படைத்திருந்தாள். முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் மிதவை, உடம்பைப் பிடித்துக்கொள்ள பெல்ட்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் படகுப் போட்டி. பேர் கொடுத்தாயிற்று.

பொறுக்க முடியாமல் அன்று சைடு வீல் ஸ்கூட்டரில் பட்டறைக்கே போய்விட்டாள். அங்கே இருதயராஜின் மனைவி பூமாலை மட்டும் இருந்தாள். பொழுது விடிந்தால் படகைத் தூக்கிக்கொண்டு கிளியனூர் ஏரிக்கு ஓடிவிடுகிறார், கடையில் வேறு வேலையே நடக்கவில்லை என்று அலுத்துக்கொண்டாள்.

ரிஸ்வானாவுக்குச் சுருக்கென்றது. வண்டியைத் திருப்பினாள்.

ஏரிக்கரையில் நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் அவளுடைய படகு. அவளுடைய இருக்கையில் ஜம்மென்று இருதயராஜ். பக்கத்தில், மார்பளவு தண்ணீரில் அவருடைய கூட்டாளி குமரேசன்.

என் படகு இவருக்கு விளையாட்டுச் சாமானா? நறுக்கென்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் குமரேசன் மிதவையை அழுத்த, படகு தலைகீழாகக் கவிழ்ந்தது.

உள்ளே போனவர் மேலே வரவில்லை. குமரேசன் சத்தமாக எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

நாலில் இருதயராஜின் தலை தெரிந்தது. அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக் குமரேசன் கரைக்கு இழுத்து வந்தார். அப்போதுதான் ரிஸ்வானா கவனித்தாள். அவருடைய இரண்டு கால்களும் துண்டால் சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

இருமி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார். "வந்துட்டியாம்மா? மொத நாளு பெல்ட்டு கழல பதினொண்ணு எண்ண வேண்டியிருந்திச்சி. இன்னிக்கு நாலு. ஒத்தக் கையால இழுத்தாப் போதும்."

கோபம் போன இடம் தெரியவில்லை. குமரேசன் படகையும் கரைக்கு இழுத்துவர, பெல்ட்டின் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். தனக்கு இடது கைதான் பலம், அந்தப் பக்கம் மாற்றித் தந்தால் நாளைக்குத் தானே கவிழ்ந்து பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு, "உங்களுக்கு நல்லா நீச்சல் வருது போலண்ணா" என்றாள்.

குமரேசன் சிரித்துவிட்டார். "இவனுக்கா? இதுக்கு முன்ன முழங்கால் தண்ணியத் தாண்டுனதே இல்லம்மா."

ரிஸ்வானா திகைத்துப்போனாள். "நீச்சலே தெரியாம ஏண்ணா இப்படி?"

இருதயராஜ் குனிந்து கால்கட்டை அவிழ்த்தார்.

"நீச்சல் தெரிஞ்சவன் எந்த பெல்ட்டா இருந்தாலும் நிதானமா கழட்டிக்கினு வந்துடுவான். பதறுற கைக்கும் கழலுதான்னு பாக்க, என்னை விட்டா வேற ஆளு ஏதும்மா?"