இடம் மாறாத குரல்

கறுப்பு உடை உடுத்தியிருந்த பெண், துண்டில் சுற்றியிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கைக்குழந்தையைப் போல மேஜைமேல் கிடத்தினாள். “மூணு மணிக்குள்ள பார்த்துச் சொல்லணும் மாஸ்டர். கொழுந்தன்மார் வந்து இதை வாங்கிட்டுப் போறாங்க, அவங்க ஆளை வச்சுத் தேட.”

எரிபெர்தோ டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். ஹவானாவில் டிஸ்க்கின் இருமலைக் கேட்டே அதன் ஆயுளைச் சொல்பவர் அவர் ஒருவர்தான். நனைந்த டிஸ்க் ஒன்றை ஒருமுறை அரிசியில் புதைத்துப் பிழைக்கவைத்தார். அந்த அரிசியைத் தின்ற சேவல் இன்றுவரை நொடி பிசகாமல் கூவுகிறது.

“நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. என்ன தேடணும் அம்மணி?”

“எங்க வீட்டுக்காரர் சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி பேசிப் பதிஞ்சது. வீடு யாருக்குன்னு அதுலதான் சொல்லியிருக்கார். பத்திரம் கித்திரம் எதுவும் எழுதலை. அவர் குரல் சொல்றதுதான் முடிவுன்னு குடும்பத்துல பேச்சு. இப்பப் பார்த்தா அது அழிஞ்சு கிடக்கு.”

“அழிஞ்சுதுன்னு யார் சொன்னா? பட்டியல்ல இருந்து பேரைத்தான் கிழிச்சிருக்கு. சரக்கு போட்ட இடத்துலயே கிடக்கும். இடம் தெரிஞ்சா டிஸ்க்கைப் படிக்கிற முள் ஒரே தாவுல அங்க போய் நிக்கும். அது மேல வேற எதுவும் ஏத்தலையே?”

அவள் தயங்கினாள். “வாரப் பொட்டலம் ஏத்தினேன். ரெண்டு தொடர், ஒரு பேஸ்பால் ஆட்டம்.”

வாரம் முழுக்கப் பார்க்கப் படமும் தொடரும் டிஸ்க்கில் நிரப்பிச் சனிக்கிழமை சைக்கிளில் வரும் பொட்டலத்திலிருந்து தொடர்களை நகலெடுக்காத வீடு அந்தத் தெருவில் கிடையாது. புருஷன் செத்த வாரத்திலும் தொடரை விட முடியுமா என்ன? எரிபெர்தோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அது எங்க போய் உட்கார்ந்துச்சோ. குரல் மேலயே உட்கார்ந்திருந்தா வீடு போச்சு.”

மணி இரண்டு ஐம்பது. முள் தாவியது. தொடரின் கதாநாயகி விம்மினாள். மறுபடி தாவியது. பேஸ்பால் கூட்டம் கத்தியது.

“கிடைக்காதுன்னு நினைக்கிறீங்களா?” என்றாள். அவள் நகங்கள் மேஜை விளிம்பைப் பற்றியிருந்தன.

“வாயைக் கழுவுங்க. பென்டிரைவ் எங்க? கிடைச்சதும் அதுல மாத்தணும்.”

“கொண்டு வரலை.”

“நல்ல ஆளு போங்க.” தன் பென்டிரைவைச் செருகினார்.

தெருவில் ஒரு கார் வந்து நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. முள் இன்னொரு முறை தாவியது.

கரகரத்த கிழக்குரல் ஒன்று அறையில் எழுந்தது. “...நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். இந்த வீடு மார்லேனிஸுக்கு. கடைசிவரை என்னைச் சிரிக்க வச்சவ அவதான்.”

எரிபெர்தோ நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “ஒரு எழுத்துகூடக் கெடலை. வீடு உங்களுதுதான் மார்லேனிஸ் அம்மா. இதோ, பென்டிரைவ்ல நகல் எடுத்துடறேன்.”

வாசல் கதவு தட்டப்பட்டது. அவள் அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

“மார்லேனிஸ் அடுத்த தெருவுல இருக்கா மாஸ்டர், சீக்கிரம் அந்த இடத்துலயே வேற எதையாவது ஏத்துங்க.”